டிராமில் முன் சீட்டைப் பிடித்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமா? ஆக்லாந்திலிருந்து ஊருக்கு வரும் வழியில் ஹாங்காங்கில் நாலு நாள் தங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். நாலு நாளைக்கும் டிரைவரோடு கார் பேசப் போகிறாய் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் வேண்டாம், பாப்பா.

போன வருஷம் நாங்கள் போனபோது முதல் நாள் காரில்தான் சுற்றினோம். இங்கே பயண ஏற்பாடு செய்தவர் சேர்த்துவிட்ட கார் அது. கவுலூன் கரையிலிருந்து எதிரே ஹாங்காங் தீவுப் பக்கம் போவதற்குக் கடலுக்கு அடியில் சுரங்கச் சாலை இருக்கிறது. சாயங்கால நேரம். சுரங்கத்து வாசலுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். கண்ணாடி ஏற்றிவிட்ட கார், ஏசி குளிர், எதிரே ஒரு லாரியின் முதுகு. அன்றைக்கு நாங்கள் பார்த்த ஊர் அவ்வளவுதான். அம்மா பேசவே இல்லை. மறுநாள் அதே கடலைப் படகில் பத்து நிமிஷத்துக்குள் தாண்டினோம்.

அந்தப் படகுக்கு ஸ்டார் ஃபெர்ரி என்று பெயர். கவுலூன் பக்கம் சிம் ஷா சுய் படகுத்துறையில் ஏறினால் தீவுப் பக்கம் சென்ட்ரல் என்ற இடத்தில் 7-ஆம் எண் துறையில் இறங்கலாம். பச்சையும் வெள்ளையும் அடித்த பழைய படகு, உள்ளே மர பெஞ்சுகள். நாங்கள் ஏறியதும் முன்னால் போன ஒரு பெரியவர் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். அது அப்படியே மறுபக்கம் சாய்ந்துகொண்டது. அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தப் படகுக்கு இரண்டு முனையும் முன்பக்கம்தான். கரைக்கு வந்தால் திருப்ப வேண்டியதில்லை, வந்த வாக்கிலேயே திரும்பிப் போகும். ஜனங்கள் சாய்மானத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். டெர்மினஸில் பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று விசில் ஊதியே முப்பது வருஷம் போன கண்டக்டர் நான். அந்த பெஞ்சை நானும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன். பேரனைத் தள்ளச் சொல், அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கரை வரும்போது படகுக்காரர் கொக்கி மாட்டிய நீளமான கழியால் கயிற்றை இழுக்கிறதையும் காட்டு.

இந்தப் படகு சர்வீஸை 1888-இல் தொடங்கியவர் நம் நாட்டுக்காரர், தெரியுமா? பம்பாயிலிருந்து போன பார்சி, தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா. சமையல் வேலை பார்த்துப் படிப்படியாக மேலே வந்தவர். அப்புறம் 1966-இல் இந்தப் படகின் முதல் வகுப்புக் கட்டணத்தில் வெறும் 5 சென்ட் ஏற்றியதற்கு ஊரே கொதித்துக் கலவரமாகிவிட்டது. இங்கே கட்டணம் ஏறின மறுநாள் காலையில் பஸ்ஸில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னவன் என்பதால், 5 சென்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கூலிக்குப் போகிறவனுக்கு அது பெரிய காசு.

இனி டிராம். அங்கே எல்லாரும் அதை "டிங் டிங்" என்றுதான் சொல்கிறார்கள், மணிச் சத்தத்தை வைத்து. தீவின் வடக்குக் கரையோரமாக மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை போகிறது. 1904-இல் ஆரம்பித்தது. நம் மெட்ராஸில் அதற்கு முன்பே, 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. 1953-இல் நிறுத்திவிட்டார்கள். உன் தாத்தா அதில் ஏறி வேலைக்குப் போன கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேனே தவிர, டிராமை நான் கண்ணால் பார்த்தது ஹாங்காங்கில்தான். அவர்கள் விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

டிராமில் பின்பக்கம் ஏற வேண்டும், முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் காசு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், நம் காசுக்கு சுமார் 40 ரூபாய். ஸ்டேஜ் கணக்கு, டிக்கெட், கண்டக்டர் எதுவும் கிடையாது. டிரைவர் பக்கத்தில் ஒரு உண்டியல், ஒரு கார்டு மெஷின். "உள்ளே போங்க, முன்னாடி போங்க" என்று 29சி பஸ்ஸில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அங்கே யாரும் சொல்லாமலே ஜனம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குறுகலான படியில் ஏறி மாடிக்குப் போய், முன் சீட்டைப் பிடித்துக்கொள். காலி இல்லையென்றால் அடுத்த டிராமுக்கு நில், சீக்கிரமே வந்துவிடும். பலகையில் "நார்த் பாயிண்ட்" என்று போட்ட டிராமாகப் பார்த்து ஏறி, கடைசி வரைக்கும் போ. கடைசியில் அது சுன் யெங் தெருவுக்குள் திரும்பும். அந்தத் தெருவே காய்கறிச் சந்தை. இரண்டு பக்கமும் கீரைக்கட்டு, மீன் தட்டு, பழக்கூடை, நடுவில் தண்டவாளம். டிராம் மணியடித்துக்கொண்டு மெல்ல ஊர்ந்து வர, ஜனங்கள் பேரத்தை நிறுத்தாமலே ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். தீபாவளி நேரத்தில் புரசைவாக்கத்தில் பஸ்ஸை நகர்த்தின ஞாபகம் வந்தது எனக்கு. அம்மா ஜன்னல் வழியாக முருங்கைக்காய் தேடினாள். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி தன் பையைத் திறந்து, வாங்கின காயையெல்லாம் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. இறங்குகிற வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தக் காரில் ஒரு வார்த்தை பேசாத அம்மாதான்.

காசு கொடுக்கிற விஷயத்தை நினைத்துப் பயப்படாதே. ஆக்டோபஸ் கார்டு ஒன்று இருந்தால் போதும். 1997-இல் கொண்டுவந்தார்கள். சீனத்தில் அதன் பெயருக்கு எட்டுத் திசைக்கும் போகலாம் என்பதுபோல் அர்த்தமாம். ரயில், பஸ், டிராம், படகு, தெருமுனைக் கடை எல்லாவற்றுக்கும் அதுவே. ரயிலில் உள்ளே போகவும் வெளியே வரவும் காட்ட வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது, டிராமில் இறங்கும்போது. பஸ்ஸில் நோட்டு கொடுத்தால் மீதி தர ஆள் கிடையாது, அதனால் கார்டு இல்லாமல் ஏறாதே. பேரனுக்கு 3 வயதிலிருந்து 11 வரைக்குமான குழந்தைக் கார்டு தனியாக வாங்கு.

இரட்டை மாடி பஸ் ஏர்போர்ட்டிலிருந்தே கிடைக்கும். ஏ21-இல் ஏறினால் நேரே நேதன் சாலை வழியாக சிம் ஷா சுய் போய்விடலாம். ஏர்போர்ட் ரயில் 24 நிமிஷத்தில் ஊருக்குள் கொண்டுபோய் விடும், ஆனால் கட்டணம் பஸ்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெட்டி வைக்க பஸ்ஸில் கீழேயே இடம் இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் சிங் மா தொங்கு பாலம், கீழே கப்பல்கள். மெட்ரோவில் ஒன்றே ஒன்றுதான் கவனம்: எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்று ஏ1, பி2 மாதிரி எழுத்தை முன்பே பார்த்துக்கொள். தப்பான வாசலில் ஏறினால் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாய். காலை எட்டு, ஒன்பது மணிக்கும் மாலை ஆறு, ஏழு மணிக்கும் பேரனை வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏறாதே.

மாப்பிள்ளை "குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு அலைச்சல்" என்பார். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்: அலைச்சல் காரில்தான் இருந்தது. பேரன் பிறந்ததிலிருந்து பின் சீட்டில் பெல்ட் போட்டே போகிற பிள்ளை. ஆக்லாந்தில் எதற்கெடுத்தாலும் கார்தான் என்று நீயே வருத்தப்பட்டிருக்கிறாய். நாலு நாள் அவன் நாலு பேர் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்து, இடம் விட்டுக்கொடுத்து, மணி அடித்து இறங்கட்டும். என் பேரன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட்டில் போவதென்றால் கிளம்பும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கவரில் எங்கள் இரண்டு கார்டையும் வைத்திருக்கிறேன். என்னுடையதில் 18 டாலரும் அம்மாவுடையதில் 41 டாலரும் மீதி இருக்கிறது. ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருப்பது அம்மாவுடையது. ஊருக்குக் கிளம்பும்போது கவுன்ட்டரில் கொடுத்தால் ஆளுக்கு 50 டாலர் முன்பணம் திரும்பத் தருவார்கள். கொடுத்துவிடாதே, தன் கார்டு திரும்ப வேண்டும் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா