கேட்காமல் மெருகேற்றாதீர்கள்: கொழும்புக் கடிகாரச் சேவை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

பழைய சுவிஸ் கடிகாரங்களைச் சேர்க்கும் எங்களுக்கும் உங்களுக்கும் இடையே நடப்பது உங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தோம், பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுத்தோம். பலன் இல்லாததால் இந்த மடல்.

போன மாதம் எங்கள் நண்பர் ஒருவர் தன் தகப்பனார் கட்டிய ஒமேகா சீமாஸ்டரை உங்களில் ஒரு நிலையத்தில் சேர்விசுக்குக் கொடுத்தார். 1960களின் கடைசியில் வந்தது. உள்ளே செம்பு நிறத்தில் மினுங்கும் 565 இலக்க மெசின். கொஞ்சம் பிந்தி ஓடியது, அவ்வளவுதான். கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டிருந்தால் போதும்.

திரும்பி வந்ததை வெள்ளவத்தையில் அவர் வீட்டு மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். பட்டி பூட்டும் நான்கு கொம்புகளும் சவர்க்காரக் கட்டி கரைந்தது போல மழுங்கியிருந்தன. மெருகுச் சக்கரத்தில் தேய்ந்த உருக்கு திரும்பி வராது. எட்டு மணிப் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தபோது விழுந்தது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதுவும் இல்லை. டயலுக்குப் புதுப் பூச்சு. அடியில் 'சுவிஸ் மேட்' என்பதன் இரு பக்கமும் நின்ற 'ரி' (T) எழுத்துகள், இருட்டில் ஒளிரத் திரித்தியம் பூசியதற்கான அடையாளம், காணாமல் போய்விட்டன. திரித்தியத்தின் அரை ஆயுள் 12 வருடம் சொச்சம். இத்தனை காலத்துக்குப் பிறகு அது ஒளிராது என்று அவருக்குத் தெரியும். ஒளிரச் செய்யச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. முட்களையும் மாற்றியிருந்தார்கள். பழைய முட்களைக் கேட்டபோது, "அதுகளை எறிஞ்சாச்சு, இப்ப புதுசு மாதிரி இருக்குத்தானே" என்று பதில் வந்தது.

கேட்டுவிட்டுத் தொடுங்கள். கழற்றியதைத் திருப்பித் தாருங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒரே மொடல் இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் எல்லாம். ஒமேகாவின் பழைய ஸ்பீட்மாஸ்டர் மொடலில், கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் 90 என்ற எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி இருக்கும். 1970 அளவில் அது எண்ணின் பக்கத்துக்கு மாறியது. அந்த ஒரு புள்ளிக்காக வருடக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சேர்விசுக்குக் கொடுத்த இடத்தில் "பழசாகிவிட்டது" என்று அந்த வளையத்தையே மாற்றிவிட்டால், அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

வேறு இடத்துக்குப் போகலாமே என்பீர்கள். எங்கே போவது? 2015 முடிவோடு ஒமேகாவின் தாய் நிறுவனமான ஸ்வாட்ச் குழுமம் மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதை நிறுத்தியது. ரோலெக்ஸ் பாகங்களும் வெளிக்கடைகளுக்கு இலேசில் கிடையா. புறக்கோட்டையில் சின்ன மேசையும் விளக்குமாக இருந்து வேலை செய்யும் ஐயாமாருக்குக் கைத்திறன் இருக்கிறது, பாகம் இல்லை. எங்களை இப்படி ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அங்கேயும் "கம்பெனி விதி" என்று வாயை அடைத்தால் அது எந்த ஊர் நியாயம்?

சரி, பாகம் விற்கும் கொள்கை உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதையாவது தயவுசெய்து செய்யுங்கள். அந்த நண்பரின் முட்கள் இன்னும் ஏதாவது டப்பாவில் கிடந்தால் தேடிக் கொடுங்கள். இனிமேல் சேர்விஸ் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: மெருகேற்றலாமா, பழைய பாகங்கள் வேண்டுமா. கடிகாரத்தின் சொந்தக்காரர் அதில் கையெழுத்து வைக்கும் வரை மூடியைத் திறக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு கடிகாரச் சேகரிப்பாளர்