மறைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை மாப்ள!

அன்பு மாப்ள,

உன் லெட்டர் கெடச்சுது. உடனே எழுதணும்னுதான் இருந்தேன், லீவு முடிஞ்சு கோர்ட் திறந்த வாரம், வக்கீல் ஆபீஸ்ல தலை நிமிர முடியல. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ நர்சிங் முடிச்சுட்டா, சின்னவன் பிளஸ் ஒன் போறான், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப கண்ணாடி போட்டுக்கிட்டு பேப்பர ஒரு வரி விடாம படிக்கிறாங்க. தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு, அந்த மலைக் குளிருக்கு ராத்திரில கம்பளி இல்லாம இருக்க வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லு.

நீ கேட்டதுக்கு வர்றேன். உன் இங்கிலீஷ் கிளாஸ் பசங்க மறைக்கிறதுன்னு வந்தா எதுக்கெடுத்தாலும் ‘ஹைட்’னே எழுதுறாங்க, கன்சீல், சப்ரெஸ், வித்ஹோல்ட் எல்லாம் டிக்ஷனரில ஒரே அர்த்தமாத்தான் இருக்கு, எப்படி பிரிச்சுச் சொல்றதுன்னு கேட்டிருந்த. எனக்கு என்ன தோணுதுன்னா அர்த்தத்த மனப்பாடம் பண்ண வைக்காத. யாரு மறைக்கிறா, யாருகிட்டருந்து மறைக்கிறா, எதுக்கு மறைக்கிறா, இந்த மூணையும் சேர்த்துச் சொல்லிக்குடு, வார்த்தை தானா மனசுல நிக்கும்.

ஹைட் பழைய இங்கிலீஷ் வார்த்தை, இங்கிலாந்துக்காரன் வீட்டுக்குள்ள புழங்கினது. குழந்தை கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாலும் அதான், பாட்டி சுருக்குப் பைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சாலும் அதான். கன்சீல் லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்தது, அதுக்கு ஒரு கோட்டு சூட்டு உண்டு. இதுல கிராமர் ஒண்ணும் இருக்கு பாரு, ‘ஹி ஹிட்’னு நிறுத்திடலாம், ‘ஹி கன்சீல்டு’னு நிறுத்த முடியாது, எதைன்னு சொல்லியே ஆகணும். ஒளியுறதுக்கும் ஒளிக்கிறதுக்கும் நாம ரெண்டு தனி வினை வச்சிருக்கோம்ல, அதைச் சொல்லி ஆரம்பிச்சா பசங்க டக்குனு பிடிச்சுக்குவாங்க.

கன்சீல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்னா எங்க ஆபீசுக்குத்தான் வரணும். 1872 காண்ட்ராக்ட் ஆக்ட்ல 17ஆவது செக்ஷன் மோசடி பத்தி. அதுல ‘ஆக்டிவ் கன்சீல்மென்ட்’னு ஒரு வார்த்தை, அதாவது உண்மை தெரிஞ்சவன் வேணும்னே மூடி மறைக்கிறது. சும்மா வாயத் திறக்காம இருந்தா அது மட்டுமே மோசடி ஆகாது, பேசியே ஆகணும்ங்கிற கடமை இருந்தாலோ, பேசாம இருக்கிறதே பேசினதுக்குச் சமம்னு ஆனாலோதான் மோசடி. அதுக்கு உதாரணமா சட்டத்துக்குள்ளயே ஒரு குதிரைக் கதை இருக்கு மாப்ள. ஒருத்தன் குதிரைய ஏலத்துல விக்கிறான், அதுல கோளாறு இருக்குன்னு அவனுக்குத் தெரியும், வாயே திறக்கல. இது மோசடி இல்ல. அதே குதிரைய வாங்குறது அவன் சொந்த மக, இப்பத்தான் மேஜர் ஆனவன்னு வச்சுக்க, இப்ப சொல்ல வேண்டியது அவன் கடமை. மூணாவதா, வாங்க வந்தவன் ‘நீ இல்லைன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குறேன்’னு கேக்குறான், இவன் கம்முனு நிக்கிறான். இப்ப அந்த மௌனமே வாக்குமூலம். ஒரே குதிரை, ஒரே மௌனம், எதிர்ல நிக்கிற ஆளு மாறுனதும் நியாயமே மாறுது. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் எங்க வக்கீல் இதைச் சொல்லித்தான் ஜூனியருக்குப் பாடம் எடுக்கிறார், நானும் டைப் அடிக்கிறத நிறுத்திட்டுக் கேப்பேன். பசங்கள இத நாடகமாவே போட வை. சைலன்ஸ், கன்சீல், டியூட்டி மூணும் ஒரே பீரியட்ல புரிஞ்சுடும்.

சப்ரெஸ்னா அமுக்குறது. எதிர்பார்ட்டி பதிலுக்குப் போடுற கவுண்டர் அஃபிடவிட்ல முதல் பத்தியிலயே ‘சப்ரஷன் ஆஃப் மெட்டீரியல் ஃபேக்ட்’னு வந்துடும், முக்கியமான உண்மைய அமுக்கிட்டான்னு அர்த்தம், முன்னாடி ஒரு கேஸ் போட்டு தோத்தத மறைச்சுட்டு புதுசா வந்திருக்கான்ங்கிற மாதிரி. வித்ஹோல்ட்ங்கிறது கையில இருக்கிறத குடுக்காம நிறுத்தி வைக்கிறது, ரிசல்ட்ட வித்ஹெல்டுனு போடுறாங்கல்ல, அங்க யாரும் எதையும் ஒளிக்கல, நிறுத்தி வச்சிருக்கோம்னு வெளிப்படையாவே சொல்றாங்க. அது போதும் அந்த வார்த்தைக்கு.

சீக்ரெட்டும் கான்ஃபிடென்ஷியலும் ஒண்ணு இல்லைங்கிறத மட்டும் அழுத்திச் சொல்லு மாப்ள, எனக்கு இது ரொம்ப முக்கியமாப் படுது. சீக்ரெட்டோட லத்தீன் வேர் தனியாப் பிரிச்சு வைக்கிறதுன்னு சொல்லுது. கான்ஃபிடென்ஷியலோட வேர் நம்பிக்கை. ஒருத்தர் நம்பி சொன்னத இன்னொருத்தர் காப்பாத்துறது அது. கட்சிக்காரர் எங்க ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டே சொல்றது கான்ஃபிடென்ஷியல், அது வெளிய போனா அவரோட நம்பிக்கை செத்துடும். செக்ரட்டரிங்கிற வார்த்தையும் சீக்ரெட்லருந்துதான் வந்தது, ரகசியத்த ஒப்படைக்கத் தகுந்த ஆளுன்னு அர்த்தம், ஆக செக்ரட்டரியேட்டுக்கும் அதே வேர்தான். அரசாங்கம் வைக்கிற ரகசியம் வேற ஜாதி, 1923ல வெள்ளைக்காரன் போட்ட அஃபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட் இன்னும் இருக்கு, ஆனா 2005ல வந்த ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதோட 8ஆவது செக்ஷன்லயே, வெளிய சொல்றதால வர்ற கெடுதல விட அதுல இருக்கிற பொதுநலன் பெருசுன்னா தகவலக் குடுக்கலாம்னு வச்சாங்க. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். குடும்ப ரகசியத்தையும் ஃபைல் ரகசியத்தையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

பசங்களுக்கு சுவாரசியமா வேணும்னா ‘கேச்’ங்கிற வார்த்தையச் சொல்லு. போன் ஸ்லோவானா கேச் கிளியர் பண்ணுன்னு அவங்களே சொல்றாங்கல்ல. அது ஒளிச்சு வைக்கிறதுங்கிற பிரெஞ்சு வினையிலருந்து வந்தது, கனடா காட்டுல தோல் வியாபாரத்துக்கு அலைஞ்ச ஆளுங்க சாப்பாட்டையும் சரக்கையும் குழி வெட்டிப் பதுக்கி வச்ச எடத்துக்குப் பேரு. அப்புறம் 1960கள் கடைசியில ஐபிஎம் கம்ப்யூட்டர்ல பிராசசர் பக்கத்துலயே வச்ச வேகமான சின்ன மெமரிக்கு அந்தப் பேரு வந்து ஒட்டிக்கிச்சு. ஹோர்டுன்னா புதையல், பதுக்கல் ரெண்டும். 2009ல இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஒருத்தர் மெட்டல் டிடெக்டர வச்சுக்கிட்டு வயல்ல நடந்து ஆங்கிலோ சாக்சன் காலத்துத் தங்கமா கண்டுபிடிச்சாரே, அது ஹோர்டு. விலை ஏறட்டும்னு வியாபாரி வெங்காயத்தக் குடோன்ல அடுக்குறதும் பேப்பர்ல அதே வார்த்தைலதான் வருது.

இன்னொண்ணு, உன் ஸ்கூல் காம்பவுண்டுலயே இருக்கு. தைல மரம். யூகலிப்டஸ்னா கிரேக்கத்துல நல்லா மூடினதுன்னு அர்த்தம், 1788ல ஒரு பிரெஞ்சு தாவரவியல்காரர் வச்ச பேரு. மொட்டுக்கு மேல ஒரு தொப்பி மாதிரி மூடி, அத மொட்டு தானாவே தள்ளி விட்டதும் உள்ள சுருண்டிருந்த வெள்ளைக் கேசரம், அதான் மகரந்தம் தாங்குற இழைங்க, குபுக்குனு விரியும், தனியா இதழ்னு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மரத்தடியில அந்த மூடிங்க சாம்பப் பூசின மாதிரி முண்டும் முடிச்சுமா உதிர்ந்து கிடக்கும், ஆளுக்கு ஒண்ணு பொறுக்கச் சொல்லு. அதே வேர்லதான் அபோகலிப்ஸும் வருது. உலகம் அழியுறதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க, ஆனா மூல அர்த்தம் மூடிய எடுக்கிறதுதான், அதனாலதான் தமிழ் பைபிள்ல அபோகலிப்ஸ்ங்கிற கடைசிப் புத்தகத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம்னு பேரு வச்சாங்க. எவ்வளவு சரியா பிடிச்சிருக்காங்க பாரு.

கடைசியா ஒண்ணு, இடியம் குடுக்கிறப்ப வார்த்தைக்கு வார்த்தை மாத்தச் சொல்லாத. காதும் காதும் வச்ச மாதிரி, கமுக்கமா, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறது, இதெல்லாம் அவங்க வாயிலயே இருக்கு. அத முதல்ல எழுத வச்சுட்டு அப்புறம் இங்கிலீஷ்காரன் அந்த எடத்துல என்ன சொல்வான்னு கேளு.

குதிரை நாடகம் போட்டீங்கன்னா யாரு அப்பாவா நடிச்சா, யாரு மகளா நடிச்சான்னு எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற ஐடியா இருந்தா முன்னாடியே சொல்லிடு, நான் லீவு சொல்லி வைக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைங்களுக்கும் என் அன்பு.

உன் பழைய பெஞ்ச் மேட்