எந்த ஸ்கோர் சரி என்று கேட்டாயே

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றதும் அம்மாவால் நம்ப முடியவில்லை. அவர் மனதில் அவள் இன்னும் கைக்குழந்தைதான். இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக விடாத மழை, காலி வீதி முழுக்கத் தண்ணீர்.

வீட்டுக் கடன் விஷயத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறாய் என்று காட்டும் உன் கிரெடிட் ஸ்கோரை போனில் ஒரு செயலி 742 என்கிறது, மற்றது 711, வங்கியில் 688 என்றார்கள், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒருவரும் ஏமாற்றவில்லை மச்சான். உங்கள் கனடாவில் ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்று இரண்டு இடத்தில் உன் கடன் கதை பதிவாகிறது. கடன் தருகிற எல்லோரும் இரண்டுக்கும் விவரம் அனுப்புவதில்லை. நீ சொன்ன செயலிகளில் போரோவெல் ஈக்விஃபாக்ஸைப் பார்த்துச் சொல்கிறது, கிரெடிட் கர்மா ட்ரான்ஸ்யூனியனைப் பார்த்து. போதாததற்கு, 300 முதல் 900 வரை போகும் அந்தப் புள்ளியைக் கணக்குப் பார்க்கவே பல சூத்திரங்கள் உண்டு. செயலி உனக்குக் காட்டுவது ஒன்று, வங்கி தன் தேவைக்கு வாங்குவது இன்னொன்றாக இருக்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் உன் அக்காவின் ஸ்கோரோடு ஒப்பிட்டும் கவலைப்படாதே, அங்கே உச்சமே பெரும்பாலும் 850தான்.

நாளும் முக்கியம். கூரை திருத்திய செலவைக் கடனட்டையில் போட்டதாக எழுதியிருந்தாய் அல்லவா? பெரும்பாலும் பில் போடும் நாளில் இருக்கிற மீதிதான் அந்த இரண்டு இடத்துக்கும் போய்ச் சேரும். நீ மறு வாரமே முழுக்கக் கட்டியிருந்தாலும், அடுத்த விவரம் போகும் வரைக்கும் அட்டையை நிரப்பி வைத்திருக்கிறவனாகத்தான் தெரிவாய். அந்த 688 அப்படி வந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் இதில் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் நான் கேட்ட கடனை ஒரு வங்கி மறுத்தது. "கிறிப்பில் ஒரு பிரச்சினை இருக்கு" என்றார் முகாமையாளர். கிறிப் என்றால் இங்கே நம் கடன் விவரம் பதிவாகும் கடன் தகவல் பணியகம். ஒரு தவணையும் பிந்தாதவன் நான், இரவு நித்திரையே வரவில்லை. கோட்டையில் சேர் பாரோன் ஜயதிலக்க மாவத்தையில் இருக்கிற கிறிப் அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைக் கையில் வாங்கினேன். நின்ற இடத்திலேயே விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். என் கடன்கள் எல்லாம் சுத்தம். பிணையாளி என்ற பகுதியில் மட்டும் ஒரு வரி: சித்தப்பா மகனின் ஓட்டோ லீசிங், பாக்கி இருக்கிறது என்று. அவன் அதைக் கட்டி முடித்து ரசீதும் வைத்திருந்தான். முடிந்த கணக்கை முடிந்தது என்று அறிவிக்காமல் விட்டது நிதி நிறுவனம். ரசீதோடு இரண்டு மாதம் அலைந்துதான் திருத்தினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். இங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த கிறிப் ஒன்றுதான், ஸ்கோரும் 250 முதல் 900 வரை ஒன்றுதான். ஆனாலும் திருத்திய அதே அறிக்கையைப் பார்த்து ஒரு வங்கி மறுபடியும் மாட்டேன் என்றது, மற்றது சரி என்றது. கிறிப் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதில்லை. சனங்கள் நினைக்கிற மாதிரிக் கறுப்புப் பட்டியலும் அங்கே இல்லை. சம்பளம், வயது, வேலை, ஈடு என்று ஒவ்வொரு வங்கிக்கும் தன் சொந்தக் கணக்கு இருக்கிறது.

ஆகவே நீ ஸ்கோரை விட்டுவிட்டு இரண்டு இடத்திலும் முழு அறிக்கையை எடு. உன் அறிக்கையை நீயே பார்ப்பதால் புள்ளி குறையாது. வங்கி எந்த இடத்தில் பார்த்தது, எந்தத் திகதியில் பார்த்தது என்று கேள். உனக்குத் தெரியாத வரி ஏதும் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு, இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் அங்கே வருகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்