நீயும் பேர் கொடு, செல்வி

உச்சிப்புளி
மாசி, ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. கோத்தகிரியில் குளிர் இன்னும் விடவில்லை, தேயிலைக்கு விலை இல்லை, பையன் பந்தயத்தில் பாதியிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்துவிட்டான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். முதல் இரண்டுக்கும் என்னிடம் மருந்து கிடையாது. மூன்றாவதற்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் இந்த ஊர்ச் சேதியைக் கேள்.

"மலையே இல்லாத ஊரில் என்னடி மலைச் சைக்கிள்?" என்று போன தடவை கேட்டிருந்தாயே, அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறதென்று எழுது" என்றார் இவர். பேருக்குத்தான் பர்வதம், ராமர் பாதம் பார்க்க ஏறுகிற மணல்மேடு அது. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் நடந்த எலான்கூர் குன்றின் உயரமே 231 மீட்டர்தான். பழைய கல்குவாரியில் இடிபாட்டைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. இந்தச் சைக்கிளுக்கு உயரம் அவசியமில்லை, தரை கரடுமுரடாக இருந்தால் சரி. அது எங்களுக்கு வேண்டிய மட்டும் கிடக்கிறது.

தெரிந்தவர் ஒருவரின் பனந்தோப்பில் ஓட்ட அனுமதி வாங்கியிருக்கிறோம். தோப்பைச் சுற்றி, காய்ந்த ஓடைக்குள் இறங்கி, கண்மாய்க் கரையில் ஏறி, மறுபக்கம் சரிந்து வந்தால் ஒரு சுற்று. எங்களுக்கு வாய்த்த ஏற்றம் அந்தக் கண்மாய்க் கரை மட்டும்தான். வேர்கள் குறுக்கே ஓடும். விழுந்த பனைமட்டையைக் கவனிக்காமல் போனால் கருக்கு காலைக் கிழித்துவிடும். எல்லாவற்றையும் விட மணல்தான் ஆளைச் சோதிக்கும். மணல் வந்த பிறகு கியரை மாற்றினால் காரியம் கெட்டது. முன்கூட்டியே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பிரேக்கைத் தொட்டாலோ திருப்பினாலோ முன்சக்கரம் புதைந்து ஆள் குப்புற விழுவார். டயரில் காற்றையும் வழக்கத்தை விட இறக்கிவிடுவோம். தட்டையாகி அகலமாய்ப் பதிந்தால்தான் மணல் தாங்கும்.

கடலோரத்து ஈரமணல் இறுகலாக இருக்கும், ஓட்டவும் சுகம்தான். ஆனால் தை முதல் சித்திரை வரை ஆமைகள் முட்டையிட வரும் காலம், அந்தப் பக்கமே போவதில்லை. உப்புத்தண்ணீர் பட்ட செயின் என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரியும்.

உப்பு என்றதும் வீட்டுச் சண்டை நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சைக்கிளை நல்ல தண்ணீரில் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காற்றுக்குச் செயின் சிவந்துவிடும். நல்ல தண்ணீருக்கு இந்த ஜில்லாவில் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. என் அத்தை சின்ன வயதில் கடற்கரை மணலைத் தோண்டி, ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர். "குடிக்கிற தண்ணியில சைக்கிளைக் குளிப்பாட்டுறீகளா?" என்று பிடித்துக்கொண்டார். நியாயம்தானே. இப்போது நாலு சைக்கிளுக்கும் சேர்த்து அரை வாளி, ஒரு கந்தல் துணி. துடைத்ததும் எண்ணெய், அவ்வப்போது சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கி ரீபேக் பந்தயம் நடத்தியவர்களுக்கும் இதே வேலைதான். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின் ஹப்பில் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்து போகும், மறுபடி அடைத்துத்தான் அடுத்த ஓட்டம். இதைச் சொன்னால் அத்தைக்குச் சமாதானம் ஆகவில்லை, அது வேறு விஷயம்.

முள்ளைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது. சீமைக்கருவேல் ஒரு பக்கம், உடைமரம் ஒரு பக்கம். டயருக்குள் ஊற்றுகிற வெள்ளைத் திரவம் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடுகிறது, பெரிய முள்ளுக்கு அதுவும் தோற்கும். பெரியவளுக்குப் பஞ்சரானால் இவர் உடனே டாம் பிட்காக் கதையை எடுப்பார். அதே எலான்கூரில் நடுவில் பஞ்சராகிப் பின்தங்கி, விரட்டிப் பிடித்துத் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ்காரர். "அவருக்குச் சக்கரம் மாத்தித் தர ஆளு நின்னுச்சு, எனக்கு நீங்கதானப்பா நிக்கிறீங்க" என்பாள் இவள்.

இனி உன் பையன் விஷயம். நீ எழுதியதிலேயே ஒரு பதில் இருக்கிறது. வளர்கிற பிள்ளை என்று 29 இஞ்ச் சக்கரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அவனை அதில் நிறுத்திப் பார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றி, நடுக்கம்பிக்கும் உடம்புக்கும் இடைவெளி இருக்கிறதா? இல்லையென்றால் அவன் ஓட்டவில்லை, தொங்கிக்கொண்டு போகிறான். 30 கிலோ பையனுக்கு 15 கிலோ சைக்கிள் என்றால் தன் எடையில் பாதியைத் தள்ளிக்கொண்டு மேடேறுகிறான். விலை குறைந்த சைக்கிளில் முன்னால் இருக்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கும் வெறும் பாரம்தான், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஸ்பிரிங் இல்லாத 24 இஞ்ச் கிடைத்தால் மாற்றிவிடு.

இன்னொன்று கொஞ்சம் கசக்கும். மலைப்பக்கம் ஒரு பந்தயம் பார்க்க வந்தபோது ஒரு அப்பா, பிள்ளையின் சைக்கிளோடு கயிற்றோரமாகவே ஓடிக்கொண்டு "மிதி, மிதி!" என்று கத்தினார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்தது. அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. அன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்தோம்: போட்டி என்றால் நாலு பேரும் பேர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் யாருமே வேண்டாம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் அப்படித்தான் நடக்கிறது. ராமநாதபுரம், மண்டபம் பக்கத்திலிருந்து சில குடும்பங்கள் வரும். விடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி முக்கால் மணி நேரம் சுற்றுவோம், சின்னதுகளுக்குக் கண்மாய்க் கரை கிடையாது. பெரிய போட்டிகளில் முதல் ஆளை விட ரொம்பப் பின்தங்கினால் ஓட்டத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். முன்னணி ஆளின் முதல் சுற்று நேரத்தை வைத்து அதைக் கணக்குப் பார்ப்பார்கள். அங்கே அது சரி. எங்கள் தோப்பில் வைத்தால் முதலில் நான்தான் வெளியே நிற்பேன். சுற்றுக் கணக்கு மாமாவுடையது. மணலில் கோடு போட்டால் அழிகிறது என்று பனைமட்டையில் ஆளுக்கு ஒரு வரிசையாகக் கீறிக்கொண்டு, பக்கத்தில் பானகச் சொம்போடு உட்கார்ந்திருப்பார்.

ஓடை இறக்கத்தில் பின்னாலிருந்து "இடது பக்கம்மா, இடது!" என்று சத்தம் வரும். நான் வலது ஓரம் ஒதுங்குவேன். பெரியவள் ஒரு கை மணலை என்மேல் வாரி அடித்துவிட்டுத் தாண்டிப் போவாள். தோற்பது எப்படி என்று அவளுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை, வாராவாரம் பார்க்கிறாள். சின்னவன் கடைசிப் பக்கம் வந்தாலும், அவனுக்குப் பின்னால் பெரும்பாலும் அவன் அப்பா மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகிறார். அதில் அவனுக்கு இருக்கிற பெருமை உனக்குப் புரியும்.

ஆகவே அடுத்த பந்தயத்துக்கு நீயும் பேர் கொடு. முட்டி வலி என்று எழுதாதே, ஹாஸ்டலில் சுவரேறிக் குதித்தவள் நீ. பையன் வந்ததும் எத்தனையாவது என்று கேட்காதே. எந்த இறக்கத்தில் பயமாக இருந்தது என்று கேள், உனக்கும் அங்கேதான் பயமாக இருந்திருக்கும்.

முழுப்பரீட்சை லீவுக்கு எல்லோரும் இங்கே வாருங்கள். சித்திரை வெயிலில் ஏழரை மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது, மிச்ச நேரத்துக்கு நுங்கும் கடலும் இருக்கின்றன. பாம்பனில் புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புவதைக் காட்டச் சின்னவன் உன் பையனைக் கூட்டிப்போகத் தயாராக இருக்கிறான். உன் சைக்கிளுக்கு என்ன அளவுச் சக்கரம் என்று முதலில் எழுது. 29 என்றால் டியூப் கூடுதலாகவே எடுத்து வா, இங்கே கேட்ட நேரத்தில் கிடைக்காது. இருக்கிற முள்ளுக்கு இரண்டு போதாது.

உன்,
வள்ளி