எட்டாம் கட்டில் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள மிஸ்ஸிக்கும், மேற்பிரிவு லயத்துச் சனங்களுக்கும், இன்றுவரை பெயர் தெரியாத எட்டாம் கட்டில் அக்காவுக்கும்,

மகளுக்கு முப்பத்தொன்றாம் நாள் கழிந்துவிட்டது. பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். எழுத்து நடுவில் அறுந்தால் அவள் விழித்துக்கொண்டாள் என்று பொருள்.

என் பாட்டி 1970களில் இலங்கையின் அட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்குப் போனவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று எண்ணி ஒதுக்கிய 5,25,000 தலைகளில் அவருடையதும் ஒன்று. பேத்தி நான் கல்யாணம் கட்டிக்கொண்டு, இந்தியக் கடவுச்சீட்டும் கையுமாக பாட்டி விட்டுப்போன அதே நோர்வூட் பக்கத்துத் தேயிலை மலைக்கு, வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தேன். கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். இங்கே இறங்கியதும் இந்தியாக்காரி ஆகிவிட்டேன். அதே கொழுந்து, அதே குளிர், ஏறக்குறைய அதே பேச்சு. வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகுதான் இது வேறு நாடு என்று உறைத்தது.

வெளிநாட்டுக்காரி என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவின் ஆயாதான் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, மருத்துவ மாதான மிஸ்ஸியின் காதில் போட்டார். ஆயா, அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம். இன்றைக்கு உங்களுக்குத்தான் முதல் நன்றி.

மிஸ்ஸி, உங்கள் பதவிக்குக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் என்று நீளமான பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். கினிகத்தேனைக்காரரான நீங்கள் தோட்டத்தில் நடந்து நடந்தே தமிழ் படித்ததாகச் சொன்னீர்கள். முதல் நாள் "கொப்பி எங்கே?" என்று கேட்டீர்கள். நான் காப்பி என்று நினைத்து, "வேண்டாம், இப்போதுதான் தேநீர் குடித்தேன்" என்றேன். நீங்கள் கேட்டது குறிப்பேட்டை. லயமே சிரித்தது. மாத்திரை இங்கே குளிசை. வார்டு இங்கே விடுதி. "விடுதியில் நிற்க வேண்டி வரும்" என்று நீங்கள் சொன்னபோது, கல்லூரிப் பிள்ளைகளோடு தங்க வேண்டுமோ என்று குழம்பினேன். அடையாள அட்டை இலக்கம் கேட்ட கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. "விசா பத்தரமுல்லைக் குடிவரவுக்காரர்களின் வேலை, வயிறு என் வேலை" என்று சொல்லி ஓரத்தில் கடவுச்சீட்டு எண்ணை எழுதிக்கொண்டீர்கள்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய ஏற்பாடு இது என்றும், ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மருத்துவ மாது என்பது கணக்கு என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். கணக்குப் போட்டவர் அந்த 3,000 பேரையும் சமநிலத்தில் வைத்துப் போட்டிருக்க வேண்டும். எங்கள் படிக்கட்டுகளை அவர் ஏறியதில்லை. நீங்கள் ஏறினீர்கள், அட்டை கடித்த காலோடு.

ஐந்தாம் மாதத்தில் இரத்தம் பட்டது. அன்றைக்குப் போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழியானதன் அடையாளமாகச் சுவர் முழுக்க மும்மொழிப் பலகைகள் இருந்தன. வாய்களில்தான் ஒரே மொழி. கேட்டது புரியாமல் நின்ற என்னிடம் "சிங்கள தன்னே நெத்த?" என்று ஒருவர் சத்தம் போட்டார். படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம். இந்தியாவை ஒரு நாளும் பார்த்திராத என் கணவருக்கு 'இந்தியத் தமிழர்' என்று தயங்காமல் எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த எனக்கு என்ன எழுதுவது என்று பேனா நின்றுவிட்டது. வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் எதை எழுதினார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, தூரப் பயணம் கூடாது என்றார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் எண்ணம் அதோடு போயிற்று. அம்மா அலைபேசியில் அழுதார். லயத்துப் பெண்கள் பேர் போட்டு முறைவைத்து, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறுமாக வளைகாப்பு நடத்தினீர்கள். ஏழு வீட்டுச் சோற்றையும் நான் ஒருத்தியே தின்றேன் என்ற குற்றச்சாட்டை மறுக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரிச் சத்தத்தைக் கேள்விப்பட்ட மிஸ்ஸி, மறுவாரம் என் கொப்பியின் பின்னட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதித் தந்தீர்கள்: 'ரிதெனவா - வலிக்கிறது. லே - இரத்தம். வத்துர யனவா - நீர் போகிறது.' 'ன'வும் 'ண'வும் இடம் மாறியிருந்தன. 'வலிக்கிரது' என்று சின்ன 'ர' வேறு. திருத்த மனம் வரவில்லை. மாமி விளக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் தினமும் ஒப்பிக்க வைத்தார், திருக்குறள் மாதிரி.

நல்ல வேளை, பிந்திய ஸ்கேனில் கொடி மேலேறியிருந்தது. நீர் போனது ஒரு மழை இரவில், ஒரு மணி வாக்கில். அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழைத்தோம். மண் சரிந்து கிடந்ததால் அம்புலன்ஸ் தொழிற்சாலையைத் தாண்டி வர முடியவில்லை. கோயில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து நான்கு தம்பிமார் தூக்கினீர்கள். ஐந்தாவது ஆள் குடை பிடித்தீர்கள். அந்தக் குடை என்னைத் தவிர எல்லோரையும் நனையாமல் காத்தது. வண்டிக்குள் இருந்த சிங்களத் தம்பியிடம் "வத்துர யனவா" என்றேன். அவர் கேள்வியே கேட்காமல் வேலையில் இறங்கினார். ஒன்பது மாதத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம் முதல் தடவையிலேயே புரிந்தது அப்போதுதான்.

கிளங்கன் ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லும் டிக்கோயா ஆதார வைத்தியசாலை, இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமரால் திறக்கப்பட்டது. 1990 சேவையும் இந்திய உதவியில் 2016இல் தொடங்கியது. "எல்லாம் உன் ஊர்க்காரர்கள் கொடுத்தது, கூச்சப்படாமல் போய்ப் படு" என்று மாமி வாசலில் வைத்துச் சொன்னார். பிரசவ அறையில் மிஸ்மார், அதாவது தாதிமார், "தவ டிக்கய், தவ டிக்கய்" என்றார்கள். கொப்பியில் இல்லாத சொல். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று அர்த்தம் தெரியாமலே, சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் முக்கினேன்.

எட்டாம் கட்டில் அக்கா, உங்களுக்கு அது மூன்றாவது பிள்ளை. எனக்குத் தமிழ் மட்டும், உங்களுக்குச் சிங்களம் மட்டும். மகள் மார்பைப் பிடிக்காமல் கத்தியபோது உங்கள் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்தீர்கள். அவள் மோவாயை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தீர்கள், என் முழங்கைக்குக் கீழே தலையணையைச் செருகினீர்கள், பிறகு என் தோளை அழுத்திப் பின்னால் சாய்த்தீர்கள். அவள் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றதும் விடுதி முழுக்க மழைச் சத்தம் கேட்டது. அவள் துணி நனைந்திருப்பதைப் பார்த்து, உங்கள் பையிலிருந்து வாத்துப் படம் போட்ட மஞ்சள் துவாயை எடுத்துச் சுற்றினீர்கள். காலையில் யாரோ "எட்டுக்கு டிக்கெட் வெட்டியாகிவிட்டது" என்றார்கள். பஸ்ஸுக்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு அனுப்புவதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று விளங்கியபோது உங்கள் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

மஸ்கெலியா என்று ஓர் ஊர்ப்பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், சிங்களத்தில் வாசித்துக் காட்டுங்கள். துவாய் என்னிடம் இருக்கிறது, அக்கா. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தேன். கொஞ்சம் புகை வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மேற்பிரிவு, கடைசிக் காம்பரா இந்தியாக்காரி