முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, அறிமுகமில்லாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகள் மிகவும் தேவையானவை. ஆயினும், வங்கிக் கணக்கின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு மின்னஞ்சல் கணக்கைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் கவலை. சமூக ஊடகமோ பொருள் வாங்கும் தளமோ, எதில் கடவுச்சொல்லை மறந்தாலும், புதிதாக அமைப்பதற்கான இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அது ஒருவன் வசமாகிவிட்டால், அதைச் சார்ந்த மற்றக் கணக்குகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்ற அவனுக்கு அதிக நேரம் பிடிக்காது.

இதற்குப் பெரிய சூழ்ச்சி எதுவும் தேவையில்லை; ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் நாம் வைத்திருப்பதே போதும். 2012-இல் லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புகளுக்கான தளத்தில் திருடப்பட்ட சுமார் 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும், எளிதில் உடைக்கக்கூடிய வடிவில் இருந்த கடவுச்சொற்களும் 2016-இல் விற்பனைக்கு வந்தன. இப்படிக் கசிந்தவற்றை மென்பொருளின் துணையோடு வேறு பல தளங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். எப்போதோ பதிவுசெய்து நாமே மறந்துபோன ஒரு தளத்திலிருந்துகூட ஆபத்து வரலாம். ஆகவே, வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல் ஒன்றை மின்னஞ்சலுக்கென்றே வைத்துக்கொள்வது கட்டாயம்.

கணக்கைப் பறிகொடுத்து மீட்டவர்கள் பலர், கடவுச்சொல்லை மாற்றியதோடு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது மட்டும் போதாது என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். உள்ளே நுழைந்தவன், நமக்கு வரும் கடிதங்கள் அனைத்தின் நகலும் தன் முகவரிக்குத் தானாகவே போய்ச் சேரும்படி அமைப்புகள் பகுதியில் மாற்றி வைத்திருக்கக்கூடும். வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கைகள் நம் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படியும், கணக்கை மீட்பதற்கான கைபேசி எண்ணாகத் தன் எண்ணே இருக்கும்படியும் செய்திருக்கக்கூடும். கடவுச்சொல்லை மாற்றுவதால் மட்டும் இவை அழிந்துவிடுவதில்லை. முன்அனுப்பல் (நகலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பு), வடிகட்டிகள் (வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் விதிகள்), மீட்பு எண், எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது, எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறது என்பவற்றை ஒன்று விடாமல் பார்த்து, தெரியாதவற்றை நீக்கினால்தான் திருடன் உண்மையிலேயே வெளியேறியதாகக் கொள்ள முடியும்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாத மின்னஞ்சல் கணக்கு இன்று பாதுகாப்பானதே அல்ல. குறுஞ்செய்தியில் வரும் எண் ஓரளவு காக்கும். ஆனால் நம் பெயரில் மாற்று சிம் கார்டு வாங்கி அந்த எண்ணைப் பறிப்பவர்களும் இருப்பதால், குறியீட்டைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் செயலி மேலானது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழைய உதவும் பாஸ்கீ வசதி இருந்தால் அதனினும் நல்லது. உண்மையான தளத்தின் முகவரியோடு அது பிணைக்கப்பட்டிருப்பதால், அச்சு அசலாகத் தோன்றும் போலித் தளத்தில் வேலை செய்யாது. கைபேசி தொலைந்தால் உள்ளே நுழைவதற்கென மின்னஞ்சல் நிறுவனம் தரும் காப்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

மோசடி நடந்த செய்தியை வெளியிடும்போதெல்லாம், இந்த அமைப்புகளைச் சரிபார்க்கும் முறையையும் முதியவர்களுக்கும் புரியும்படி படங்களோடு அருகிலேயே வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்