செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தொற்றுத் தடுப்பும் நம் பணியாளர்களும்

தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, இரவு டியூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழா, பணி ஓய்வு பெற்றவர்களுக்குப் பாராட்டு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த முக்கியமான வேலை வேறு. வார்டு பாய், ஆயா, தூய்மைப் பணியாளர், சலவைக்கூடத்தார், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் ஆகிய நமக்குத் தொற்றுத் தடுப்பு பற்றி எவ்வளவு தெரியும், தெரிந்ததை வார்டில் துணிந்து செய்ய முடிகிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நிர்வாகக் குழுவினர் ஷிஃப்ட் மாறும் நேரங்களில் வார்டு வார்டாகப் போய்ப் பேசினோம். கழிவு பிரிப்பதில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பைக்கு, ஊசி கழற்றிய சிரிஞ்சும் டிரிப் டியூபும் சிவப்புக்கு, ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவுக்கு, மருந்துக் கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கி வைக்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கிறது.

தடுமாற்றம் கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசலில் இருந்தது. வாளியில் கண்ணளவுக்கு ஊற்றிக் கலப்பதுதான் பழக்கம். கேனில் 5% என்று இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், 10% என்று இருந்தால் ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால்தான் ரத்தம் சிந்திய இடத்துக்கு வேண்டிய 1% கரைசல் கிடைக்கும். சிந்திய ரத்தத்தைத் துணியாலோ காகிதத்தாலோ மூடி, மேலே கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது ஊற விட்டுத்தான் துடைக்க வேண்டும். நேற்றுக் கலந்தது இன்று வேலை செய்யாது. ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி நம் மூச்சையே அடைக்கும். இதைப் பயிற்சியில் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல், அளவுக் கோப்பையும் வாளியும் கொடுத்து ஒவ்வொருவரையும் கலக்கச் சொன்னோம். கோடு போட்ட கோப்பை இப்போது எல்லா வார்டிலும் வாளியோடு சேர்த்துத் தொங்குகிறது. இந்த ஆண்டு சங்கம் செய்த செலவிலேயே மிக உருப்படியானது அதுதான் என்பது என் எண்ணம்.

மே 5 உலகக் கைச்சுகாதார நாளன்று தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் ஒரு சோதனை வைத்தார். கண்ணைக் கட்டிவிட்டு, கையுறை மாட்டிய கையில் நீல மையைச் சோப்பாக நினைத்துத் தேய்க்கச் சொன்னார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க நீலம். கட்டைவிரலைச் சுற்றியும் விரல் நுனியிலும் கையுறை வெளுப்பாகவே இருந்தது. லேபர் வார்டில் பல வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா இந்தக் கையோடதான் புள்ளைங்களத் தொட்டேனா?" என்று கேட்டார். சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி என்ற கணக்கு அன்றைக்குத்தான் எல்லோர் மனதிலும் பதிந்தது. ஒரே கையுறையோடு நாலு கட்டிலைத் துடைத்துவிட்டு லிஃப்ட் பட்டனையும் அழுத்துகிற வழக்கமும் அதன் பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது.

இனி எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம். ஊசி குத்தினால் நம் ஆட்கள் வெளியே சொல்வதில்லை. அழுக்குத் துணி மூட்டையைப் பிரிக்கும்போது உறுப்பினர் ஒருவருக்கு, படுக்கை விரிப்பில் சுருண்டு கிடந்த ஊசி விரலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஒப்பந்தப் பணியாளர் அவர். சொன்னால் "உன் கவனக்குறைவு" என்பார்கள், பரிசோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம். மறுநாள் உடன் வேலை பார்ப்பவர் வந்து சொல்லித்தான் நமக்கே தெரியும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு உடனே கூட்டிப் போனோம். இறைவன் அருளால் அவருக்கு ஒன்றும் இல்லை.

உறுப்பினர்களே, தடுப்பூசி போடாத ஒருவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 30 வரை இருக்கிறது. எச்.ஐ.வி. என்றால் 1,000-க்கு 3 அளவில்தான். ஆனால் அதற்கான தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். குத்திய இடத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். இரவானாலும் சங்க நிர்வாகி ஒருவர் துணைக்கு வருவார்.

இதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனோம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் தர வேண்டும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம் என்று விதி பிரிப்பதில்லை; கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பொருந்தும். பேசியதன் பலனாக வார்டுதோறும் ஊசிக்காயப் பதிவேடு வைக்கப்பட்டிருக்கிறது. பதிவு செய்பவர் மீது நடவடிக்கை இல்லை என்று கண்காணிப்பாளர் கூட்டத்திலேயே சொன்னார். எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

பதிவேட்டில் ஆரம்பத்தில் யாரும் எழுதவில்லை. முதலில் எழுதிய டயாலிசிஸ் பிரிவுத் தம்பிக்கு அன்றே ரத்தப் பரிசோதனை நடந்தது, சம்பளமும் பிடிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். கட்டுக் கட்டும் அறையில் பயிற்சி டாக்டர் ஒருவர் ஊசியை மஞ்சள் பையில் போடப் போனபோது, "டாக்டர், அது வெள்ளை டப்பாவுக்கு" என்று நம் ஆயா ஒருவர் சொல்ல, அவரும் நன்றி சொல்லிவிட்டு மாற்றிப் போட்டார். போன வருடம் இதே ஆயா, "பெரியவங்ககிட்ட நாம எப்படிச் சொல்றது?" என்று நம்மிடம் கேட்டவர்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பவை: காசநோய் வார்டில் வேலை பார்ப்போருக்குத் தட்டுப்பாடில்லாமல் என்95 முகக்கவசம், சலவைக்கூடத்துக்குத் தடித்த ரப்பர் கையுறை, நடவடிக்கை இல்லை என்ற உறுதிமொழி எழுத்தில். ஹெபடைடிஸ் பி முதல் ஊசி போட்டவர்கள் ஒரு மாதத்தில் இரண்டாவதும் ஆறாவது மாதத்தில் மூன்றாவதும் போட்டாக வேண்டும். பாதியில் விட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.

பயிற்சிக்கு நேரம் ஒதுக்கிய செவிலியர்களுக்கும், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு உதவிய உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்